சான்று முத்திரையா, வெடிச்சோதனைக் குறியா?

பழைய துவக்கைப் பற்றி யார் எழுதினாலும் 'சான்று முத்திரை' என்ற சொல் வந்து விழுகிறது. இன்னும் சிலர் 'ஆதார முத்திரை' என்கிறார்கள். வெடிவைத்துச் சோதித்த துவக்குக் குழலில் அடிக்கும் குறி, ஆங்கிலத்தில் புரூஃப் மார்க் எனப்படுவது. அதற்கு, அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிய வேலை இது. வன்னியில் துவக்குப் பிடித்த பழைய வேட்டைக்காரரிடம் 'சான்று' என்றால், கச்சேரியில் தந்த அனுமதிப்பத்திரத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்.

வேர் 'புரொபாரே' என்ற இலத்தீன் சொல். சோதித்துப் பார்த்தல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. நிரூபணம் என்ற பொருளும் அதே வேரில் கிளைத்ததுதான். ஆனால் குழலில் அடித்த குறிக்கு உரியது சோதனைப் பொருள். ஜெர்மன்காரர் இதையே 'பெஷூஸ்' என்கிறார்கள். சுட்டுப் பார்த்தது என்று அர்த்தம்.

உண்மையில் நடப்பது இதுதான். வழமையிலும் கூடுதலாக வெடிமருந்தும் ஈயமும் இட்டு, ஆள் விலகி நின்று வெடிக்கவைப்பார்கள். குழல் வீங்காமல், பிளக்காமல் நின்றால் குறி விழும். லண்டனில் துவக்குச் செய்வோர் சங்கம் 1637 இல் பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் சோதனைச்சாலை 1813 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

'சோதனையில் தேறியதற்கு அந்தக் குறிதானே சான்று, பிறகென்ன பிழை?' என்று கேட்பார்கள். அப்படிப் பார்த்தால் கடைத் தராசில் அடித்த முத்திரையும் சான்றுதான், நகையில் அடித்ததும் சான்றுதான், துவக்கின் அடிக்கட்டையான பிடங்கில் வெட்டிய அனுமதி இலக்கமும் சான்றுதான். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. கூட்டுச் சொற்களில் போட்டுப் பாருங்கள், கோலம் தெரியும். புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல் 'நைட்ரோ ஆதாரம்' ஆகிறது, ஏதோ இரசாயனக் கூடத்து அறிக்கை போல. குழலைக் கடைந்து முடிக்குமுன் செய்யும் முதற்சோதனை 'தற்காலிகச் சான்று' ஆகிறது. வாசிப்பவர் லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று நினைப்பார். தேய்ந்து அகன்ற குழல், அதாவது வெடிவாயிலிருந்து (தோட்டா போடும் பின்முனையிலிருந்து) 9 அங்குலம் தள்ளி அளக்கும்போது குறியில் உள்ளதைவிட அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்கு மேல் கூடிய குழல், சோதனை வலுவிழந்தது. இதை 'சான்றுக்கு வெளியே' என்று ஒருவர் எழுதினால் வாசிப்பவர் என்ன செய்வார்?

அச்சகத்துச் சொல்லைக் கடன் வாங்கி 'மெய்ப்பு முத்திரை' என்பவர்களும் உண்டு. தாளில் எழுத்துப்பிழை பார்ப்பதற்கு மெய்ப்பு நல்ல சொல். குழலில் யாரும் எழுத்துப்பிழை பார்ப்பதில்லை. 'புடக்குறி' என்றால் நெருப்பில் காய்ச்சியதாகிவிடும். நமக்கு வெடி வைத்தல் என்ற வழக்கு இருக்கிறது. 'வெடிச்சோதனைக் குறி' என்றால் தெளிவு. பக்கத்தில் நிற்கும் 'வி' எழுத்துக் குறி, கண்ணால் பார்த்துத் தேர்ந்ததைச் சொல்வது. நாணயமும் பொன்னும் பார்த்தவர்களின் 'நோட்டம்' தமிழில் சும்மாதான் கிடக்கிறது. அதை 'நோட்டக் குறி' என்று எழுதலாம். தூய தமிழ் வேண்டும் என்று துப்பாக்கியை விட்டுத் துவக்குக்கு வருபவர்களுக்கு ஒரு சேதி: இரண்டும் துருக்கி வழி வந்த ஒரே சொல்லின் பிள்ளைகள். தூய்மையை அங்கே தேடவேண்டாம், தெளிவைத் தேடுங்கள்.

பொருள் சரியாகப் பிடிபட்டால்தான் வயதும் பிடிபடும். தோட்டா இல்லை என்று உறுதிசெய்து, முன்கட்டையைக் கழற்றி, இரட்டைக் குழலைப் பிரித்தெடுத்து, வெடிவாய்க்குக் கீழுள்ள தட்டையான பகுதியைப் பாருங்கள். மண்ணெண்ணெய் நனைத்த துணி போதும். கம்பித் தூரிகையும் மண்தாளும் குறியின் விளிம்பைத் தின்றுவிடும். வெண்கட்டித் தூளைத் தேய்த்து, டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் எழுத்து எழும்பும்.

கிரீடத்தின் கீழ் 'பி.பி', 'பி.வி', 'என்.பி' என்றிருந்தால் பேர்மிங்காமின் 1904 விதிக்குப் பிந்தியது. தோட்டாவறை நீளம், 2½ அங்குலம் என்பதுபோல், இருந்தால் 1925 விதிக்குப் பிந்தியது. சதுர அங்குலத்துக்கு இத்தனை தொன் என்றிருந்தால் 1954 விதிக்குப் பிறகு. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து நீள்வட்டத்துள் உள்ள 'ஈ.எல்.ஜி'க்கு மேல் கிரீடம் இருந்தால் 1893 க்குப் பிறகு. இவை எல்லை சொல்பவை. தனி ஆண்டைச் சொல்பவை குறைவு. குழலை மாற்றியிருந்தாலோ மறுசோதனை செய்திருந்தாலோ, குறி குழலின் கதையைத்தான் சொல்லும், பூட்டின், அதாவது சுடும் பொறியின், கதையை அல்ல.

மயங்கவைப்பவை வேறு. '1887' என்று நான்கு இலக்கம் கண்டவுடன் ஆண்டென்று எழுதிவிடுகிறார்கள். பலவேளை அது தொடரிலக்கம். காப்புரிமை ஆண்டும் அப்படித்தான், துவக்கு அதற்கு எத்தனையோ ஆண்டு கழித்துச் செய்யப்பட்டிருக்கலாம். 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி எடுத்த அனுமதியின் இலக்கம் உலோகத்தில் வெட்டியிருந்தால் அதுவும் வயது சொல்லாது. ஒல்லாந்தர் துவக்கில் 'வி.ஓ.சி'க்கு (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் குறிக்கு) மேலே நிற்கும் 'ஏ' அதன் அம்ஸ்டர்டாம் கிளையைக் குறிக்கும், ஆண்டை அல்ல.

மொழிபெயர்ப்புப் பிழை உயிருக்கும் உலை வைக்கலாம். பழைய கருமருந்துக்கு மட்டும் சோதித்த, இரும்புப் பட்டிகளை முறுக்கிச் செய்த முறுக்குக் குழலில் 'சான்று' இருக்கிறது என்று நம்பி இன்றைய தோட்டாவைப் போட்டால், வெடிவாய்ப் பக்கமே கிழியலாம். எந்த மருந்துக்குச் சோதித்தார்கள் என்று கேட்கவைக்கும் சொல்தான் வேண்டும்.

குழல் வாய் வழியாக மருந்தை இடித்து நிரப்பும் இடியனைப் பற்றி எழுதும்போதும் இதே கூத்து. பட்டறையில் செய்த இடியன் துவக்கில் வெடிச்சோதனைக் குறி இருக்காது. அதைச் 'சான்று முத்திரை இல்லை' என்று எழுதினால் களவுத் துவக்கு என்று ஆகிவிடுகிறது. சோதனைச்சாலைக்குப் போகாத குழல் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.