சித்திரை வெயிலில் கரட்டைப் பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று எழுதாதீர்கள்

போன வாரம் மறுபடியும் அதே மாதிரி ஒரு போன். சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு புது ரயில் பாதைக்கான வேலை, தடத்தில் கொஞ்சம் கரட்டு நிலம், அதாவது கல்லும் முட்புதருமான மேட்டு நிலம், குறுக்கே வருகிறதாம். "மரமெல்லாம் எண்ணியாச்சு சார், நாலு நாள்ல செடி கொடி லிஸ்ட் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க" என்றார்கள். தாவர ஆய்வுதான் என் பிழைப்பு. இப்படி வந்த அழைப்புகளை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன், ஆனால் இந்த முறை பொறுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போய்ப் பார்த்தேன். உசில் மரங்கள் இலை கொட்டி நின்றன, புல் காய்ந்து சருகாகக் கிடந்தது, பாறைச் சந்துகளில் பிரண்டை மட்டும் பச்சை. கையில் கொடுத்த மரக் கணக்கில் முக்கால்வாசி சீமைக்கருவேலம், அப்புறம் கொஞ்சம் வேம்பு, புளி, பனை. கடைசி வரியில் "மற்றவை முட்புதர்" என்று இருந்தது. அந்த இரண்டு சொல்லுக்குள் காரை, சூரை, வெப்பாலை, கிளுவை, ஆவாரை, அவற்றின் நிழலில் ஒண்டி வளரும் கள்ளிமுளையான் எல்லாவற்றையும் அடைத்துவிட்டார்கள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கிட்டே வந்தார். "தம்பி, இப்ப வந்து என்னத்தத் தேடறீங்க? ஐப்பசியில வந்து பாருங்க, இந்தப் பொதரு பூராவும் கண்வலிக்கிழங்கு பூத்துக் கெடக்கும்." கண்வலிக்கிழங்கு என்றால் செங்காந்தள், நம் மாநில மலர். கோடையில் மேலே தண்டு கூட இருக்காது, கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு மண்ணுக்குள் உறங்கும். அதன் மேல் நின்றுகொண்டுதான் அறிக்கைக்காரர்கள் "குறிப்பிடத்தக்க தாவரம் எதுவும் இல்லை" என்று எழுதுகிறார்கள். வீட்டு வாசலில் கட்டுகிற ஆகாச கருடன் கிழங்கும், நிலப்பனையும் இதே கதைதான். அதற்காகக் கோடையில் போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நரிவெங்காயம் இலையில்லாமல் பூ விடுவது இந்த வெயிலில்தான், மழைக்குப் பிறகு போனால் வெறும் இலை கிடைக்கும். குறைந்தது இரண்டு பருவம் நடக்க வேண்டும், முடிந்தால் மூன்று.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது வேறொரு பேச்சு. "ஒரு மரம் வெட்டினா பத்து மரம் நட்டுடறோம் சார்." இதைச் சொல்கிறவர்கள் நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதனால்தான் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். முதலில், நீங்கள் எண்ணியது மரத்தை மட்டும். புல்லை எண்ணவில்லை, கொடியை எண்ணவில்லை, கிழங்கை எண்ணவில்லை. எண்ணாததற்குப் பதிலாக எதை நடுவீர்கள்? அடுத்தது, பத்து புங்கன் கன்றைச் சாலையோரத்தில் வைத்துக் கூண்டு போட்டால் அது நிழல்தரும் மரவரிசை, நல்லதுதான், ஆனால் அது முட்காடு ஆகாது. முட்காட்டில் சூரைப்புதர் தன் அடியில் விழுந்த விதையை ஆட்டு வாயிலிருந்து காப்பாற்றி வளர்க்கிறது. கொழுக்கட்டைப்புல் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆவாரைக்குத் தேனீ வருகிறது. இதை நர்சரிப் பையில் வாங்க முடியாது. இன்னொன்று, தயவுசெய்து "தரிசு" என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். அது வருவாய்த்துறைச் சொல், சாகுபடி இல்லாத நிலம் என்று பொருள். உயிர் இல்லாத நிலம் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

அரிய செடியெல்லாம் ஏற்காட்டு உச்சியில்தான் இருக்கும், கீழே என்ன இருக்கப்போகிறது என்றும் கேட்பார்கள். மேலே இருப்பது உண்மைதான், வெர்னோனியா செவராயென்சிஸ் என்ற மரம் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் பெயரையே சுமக்கிறது. ஆனால் ரயில் மேலே போகப்போவதில்லை, அடிவாரத்திலும் சமவெளியிலும்தான் போகும். சேலம் ஜங்ஷனிலிருந்து ஓமலூர்ப் பக்கம் போகிறவர்கள் மேக்னசைட் ஜங்ஷன் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். மேக்னசைட் என்கிற அந்த வெள்ளைக்கல் பூமியில் மக்னீசியம் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு, எல்லாச் செடியும் அங்கே தாங்காது. பக்கத்து ஊர் லிஸ்ட்டை நகலெடுத்து அங்கே ஒட்டுவது, பார்க்காமலே பார்த்ததாகச் சொல்வதற்குச் சமம்.

சட்டமும் இதில் பெரிதாகக் கைகொடுக்காது. எந்தெந்தத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும் என்று சொல்கிற 2006 அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதை இல்லை, அதனால் அந்த அனுமதி தேவையில்லை. காட்டு நிலம் வந்தால் மட்டும் 1980 வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். பட்டா கரடும் புறம்போக்கு ஓடைக்கரையும் யார் கண்ணிலும் படாமல் போவது இப்படித்தான்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். தடம் வரைபடத்தில் பென்சில் கோடாக இருக்கும்போதே எங்களைக் கூப்பிடுங்கள். அப்போது கோட்டை நூறு மீட்டர் நகர்த்தச் சொன்னால் பேச்சோடு முடியும், நில எடுப்பு முடிந்தபின் சொன்னால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள், அதில் உங்கள் மேல் தப்பும் இல்லை. தண்டவாளத்துக்காகப் போடும் மண்கரையின் அகலத்தை மட்டும் அளக்காதீர்கள். மண் எடுக்கும் குழி, ஜல்லி கொட்டும் இடம், லாரிப் பாதை, தொழிலாளர் கொட்டகை எல்லாம் தாவரத்தின் மேல்தான் விழுகின்றன. மரத்துக்கு 10 மீட்டர் சதுரம், புதருக்கு 5, புல் பூண்டுக்கு 1 மீட்டர் என்று கட்டம் போட்டு, தடம் நெடுகப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது ஆய்வு இல்லை. போன் செயலி சொல்லும் பெயரை அப்படியே எழுதாதீர்கள், அது புல் இனங்களில் தடுமாறும். சந்தேகம் வந்தால் மாதிரி எடுத்து உலர்த்தி, கோவையில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்போடோ திருச்சி ராபினட் தொகுப்போடோ ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனையோ பேர் வெயிலில் அலைந்து சேர்த்தது அது.

வேலை ஆரம்பித்த பின்பும் ஒரு வேண்டுகோள். மேல்மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குத் தனியே எடுத்து வையுங்கள், விதையும் கிழங்கும் அதில்தான் இருக்கின்றன. கரைச் சரிவு முடிந்ததும் அதையே மேலே பரப்புங்கள். வெளியிடத்திலிருந்து வரும் எந்திரங்களைக் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள். புரட்டிப்போட்ட மண்ணில் முதலில் வருவது பார்த்தீனியம், பிறகு உண்ணிச்செடி, சீமைக்கருவேலம். ஒருமுறை பிடித்துவிட்டால் பிடுங்கி மாளாது.

அந்த நாலு நாள் லிஸ்ட்டில் நான் கையெழுத்துப் போடவில்லை. கோடையில் கண்டதை மட்டும் தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஐப்பசியில் மறுபடி வந்தால்தான் அறிக்கை முழுமையாகும் என்று சொல்லியிருக்கிறேன், அரைமனதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆடு மேய்க்கிற அக்காவையும் அன்றைக்கு நாள் கூலி கொடுத்துக் கூட அழைத்துப்போக வேண்டும், அதையும் செலவுக் கணக்கில் எழுதிவிட்டேன்.