திமிங்கலம் பார்க்கப் போகிறீர்களா? படகைப் பார்த்து ஏறுங்கள்

ஐஸ்லாந்து, நார்வே பக்கம் சுற்றுலா போகிறவர்கள் திமிங்கலம் பார்க்காமல் திரும்ப விரும்புவதில்லை. எலும்பு மருத்துவரான என்னிடம் பிள்ளைகள் கேட்பது, "அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கு டாக்டர், படகில் கூட்டிட்டுப் போகலாமா?" என்பதுதான். முழங்காலை விட எனக்கு முதுகெலும்பைப் பற்றித்தான் கவலை. அதனால் எந்தப் படகு என்று முதலில் கேட்பேன்.

பெரும்பாலும் இரண்டு வகைப் படகுகள் கிடைக்கும். ஒன்று பெரியது, மெதுவாகப் போவது. ஐஸ்லாந்தின் ஹூசாவிக்கில் பழைய மரப் படகுகளையே புதுப்பித்து இதற்கு ஓட்டுகிறார்கள். இன்னொன்று 'ரிப்' எனப்படும் வேகப் படகு. விளிம்பு முழுக்கக் காற்றடைத்த குழாய் இருக்கும், பெரும்பாலும் கூரை இருக்காது. விளம்பரங்களில் அழகாகத் தெரிவது இதுதான்.

இந்த வேகப் படகு அலை மேல் ஏறி இறங்கும்போது, உட்கார்ந்திருப்பவரின் உடல் ஒரு கணம் இருக்கையை விட்டு எழும்பி, தொப்பென்று விழுகிறது. அந்த அடி நேராக முதுகுத்தண்டில் ஏறும். விலா எலும்புகளோடு பிணைந்து விறைப்பாக இருக்கும் நடுமுதுகும் வளைந்து கொடுக்கும் இடுப்புப் பகுதியும் சேருமிடத்தில் உள்ள எலும்பு, முன்பக்கமாக நசுங்கிவிடலாம். கீழே விழ வேண்டியதில்லை, ஒரே ஓர் அலை போதும். மாதவிடாய் நின்ற பெண்கள், பல மாதங்களாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து அதிகம். இவர்களும் கர்ப்பிணிகளும் ரிப் படகில் ஏறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இதனால் பெரிய இழப்பும் இல்லை. திமிங்கலத்தின் அருகே போனதும் எந்தப் படகும் வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். உயரமான தளத்திலிருந்து பார்த்தால் அது மூச்சு விடும்போது எழும் நீர்த்திவலை தொலைவிலேயே தெரியும்.

முதுகு நன்றாக இருப்பவர்கள் ரிப்பில் போவதானால் முன்பகுதியில் உட்கார வேண்டாம், அங்கேதான் தூக்கிப்போடுவது அதிகம். பின்பக்கம் உட்கார்ந்து, பாதங்களை ஊன்றி, முழங்காலை மடக்கி, அலை வரும்போது தொடைகளால் தாங்குங்கள். நார்வேயின் ஷெர்வோயில் நவம்பர் முதல் ஜனவரி வரை ஓர்கா எனப்படும் கொலைத் திமிங்கலத்தைப் பார்க்கப் போவார்கள். அந்தப் பருவத்தின் நடுவில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. மங்கலான வெளிச்சத்தில் வரும் அலை கண்ணுக்குத் தெரியாது, உடலைத் தயார்ப்படுத்தவும் முடியாது.

படகில் சுரீரென்று முதுகு வலித்தால், சமாளித்துக்கொள்ளலாம் என்று பேசாமல் இருக்காதீர்கள். ஓட்டுநரிடம் சொல்லி வேகத்தைக் குறைத்து, வலிப்பவரை மல்லாந்து படுக்க வையுங்கள். கரைக்கு வந்ததும் எக்ஸ்ரே அவசியம். கால் மரத்துப் போனாலோ சிறுநீர் கழிக்க முடியாவிட்டாலோ அது அவசர நிலை.

அப்புறம், குமட்டல். நார்வேயின் ஆண்டெனெஸ் போன்ற இடங்களில் ஸ்பெர்ம் திமிங்கலம் மூழ்கினால் மறுபடி மேலே வர அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை படகு நின்ற இடத்தில் ஆடிக்கொண்டிருக்கும், வாந்தி வருவது அப்போதுதான். மாத்திரையைப் படகு கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், குமட்டல் தொடங்கிய பிறகு அது அவ்வளவாக உதவாது. தூக்கம் வரும் என்பதால் வயதானவர்களுக்குக் கைப்பிடித் துணை வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை, சில வகைக் கண் அழுத்த நோயும் புரோஸ்டேட் வீக்கமும் உள்ளவர்களுக்கு ஆகாது, டாக்டரைக் கேட்காமல் ஒட்ட வேண்டாம்.

அங்கே கோடையிலும் கடல்நீர் பத்து டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும், தண்ணீரைக் குடித்துவிடுவது அப்போதுதான். நீந்த முயலாமல் மிதந்தபடி மூச்சைச் சீராக்க வேண்டும். ஆகவே படகில் தரும் மிதவை உடையை, வெயில் அடிக்கிறதே என்று பாதியில் கழற்றாமல், கழுத்துவரை ஜிப் போட்டே வைத்திருங்கள். உள்ளே பருத்தி வேண்டாம், நனைந்தால் உடல் சூட்டை இழுத்துவிடும். கம்பளியே சரி.