நெடும்பயண பைக்குக்கு எந்த ஏர் ஃபில்டர்?

ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. அத்தனையும் ஏர் ஃபில்டரைத் தாண்டித்தான் எஞ்சினுக்குள் போகிறது. அதனால் ஃபில்டர் உட்காரும் பெட்டியான, கம்பெனி கொடுத்த ஏர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் பெரிய இன்டேக்கை (காற்றை இழுக்கும் ஃபில்டரும் குழாயும்) மாட்டினால் சக்தி கூடும் என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் போகும்போது ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம்தான் திருகியிருப்போம். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் வால்வு பெரும்பகுதி மூடியே இருக்கும். அப்போது காற்றை மறிப்பது அந்த வால்வு, ஃபில்டர் அல்ல. பாதி மூடிய குழாய்க்குப் பின்னால் எவ்வளவு பெரிய பைப் போட்டாலும் தண்ணீர் கூடுதலாக வராது. த்ராட்டிலை முழுதாகத் திறந்து, எஞ்சினும் வேகமாகச் சுற்றும்போதுதான் பெரிய இன்டேக்கின் பலன் தெரியும். நெடும்பயணத்தில் அந்த நேரம் குறைவு.

காற்று வாய் முன்னால் பார்த்திருந்தால் எதிர்க்காற்று உள்ளே திணிக்கும் என்பார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அப்படிக் கிடைக்கும் கூடுதல் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. காற்றின் வெப்பம்தான் கவனிக்க வேண்டியது. 3 டிகிரி சூடு ஏறினாலே காற்றின் அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறைகிறது. சிலிண்டரின் அனலை இழுக்கும் இடத்தில் வாய் இருந்தால் எவ்வளவு பெரிய ஃபில்டரும் வீண்.

ஏர்பாக்ஸ் வெறும் டப்பா இல்லை. சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வு மூடித் திறக்கும்போதெல்லாம் குழாயில் அழுத்த அலைகள் ஓடுகின்றன. பெட்டியின் கொள்ளளவும் குழாயின் நீளமும் சரியாக அமைந்தால், குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) அந்த அலையே காற்றை சிலிண்டருக்குள் தள்ளிவிடும். அதைக் கழற்றினால் நடுத்தர ஆர்பிஎம்மில் எஞ்சினின் முறுக்கு விசையான டார்க் குறையலாம். பின்னால் ஆளும் பெட்டிகளும் ஏற்றிக்கொண்டு போகிறவருக்குத் தேவையானதே அந்த டார்க்தான். இன்டேக்கின் உறுமல் கூடுவதைப் பலர் சக்தி கூடியதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

எரிபொருள் கணக்கையும் மறக்கக்கூடாது. சீரான ஓட்டத்தில், புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து, எஞ்சினின் கணினியான இசியு பெட்ரோல் அளவைத் தானே திருத்திக்கொள்ளும். முழு த்ராட்டிலில் பெரும்பாலும் பதிந்து வைத்த அட்டவணையைத்தான் நம்பும். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் கலவை லீனாகி (பெட்ரோல் பங்கு குறைந்து) எஞ்சின் சூடேறலாம். அப்புறம் அந்த அட்டவணையை மாற்றி எழுதும் ரீமேப் செலவும் சேர்ந்துகொள்ளும்.

என்னைக் கேட்டால், நெடும்பயண பைக்குக்கு முதலில் பார்க்க வேண்டியது தூசியும் மழையும்தான். சாலைத் தூசியில் உள்ள குவார்ட்ஸ் துகள் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். காகித ஃபில்டர் நுண்துகளை நன்றாகப் பிடிக்கும், கழுவ முடியாது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும், கூடினால் எண்ணெயே உள்ளே இழுபடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு ஃபில்டர் கனமழையில் நனைந்தால் எஞ்சின் திணறும்; அதற்கு மழை உறை அவசியம். சில வி-ட்வின் பைக்குகளில் (V வடிவில் இரண்டு சிலிண்டர் உள்ளவை) அந்தக் கூம்பு வலது முழங்காலிலும் இடிக்கும். எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை வெளியேற்ற ஏர்பாக்ஸுக்கு வரும் கிராங்க்கேஸ் பிரீதர் குழாயைப் புது இன்டேக்கில் எங்கே இணைப்பது என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

எதை மாட்டினாலும், தூசியான ஒரு பயணம் முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் எஞ்சின் பக்கமுள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் ஃபில்டரோ அதன் ஓர ரப்பரோ கசிகிறது.