மூன்றாவது அவுட்டுக்கு முன்னால் ஓடி முடித்த ரன் சேருமா?

"மூன்று அவுட் ஆகிவிட்டதே, அந்த ரன் எப்படிச் சேரும்?" அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளின் பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயராக நிற்கும் என்னிடம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். பயிற்சியாளர்களிலேயே பலருக்கு இதில் குழப்பம் உண்டு. பேஸ்பாலில் அடித்தவர் மூன்று பேஸ்களை வரிசையாகத் தொட்டு, கிளம்பிய இடமான ஹோம் பிளேட்டுக்கே வந்து சேர்ந்தால் ஒரு ரன்; மூன்று அவுட் ஆனால் அந்த அணி அடிக்கும் முறை முடிந்தது.

யார் முந்தினார் என்று பார்ப்பதற்கு முன், மூன்றாவது அவுட் எந்த வகை என்று பாருங்கள். அடித்தவர் முதல் பேஸைத் தொடாமலே அவுட்டானாலோ, எந்த ரன்னராவது (ஏற்கெனவே பேஸில் இருந்து ஓடுபவர்) ஃபோர்ஸ் அவுட்டானாலோ, இன்னொருவர் எவ்வளவு சீக்கிரம் ஹோம் பிளேட்டை மிதித்திருந்தாலும் ரன் கிடையாது. பின்னால் வருபவருக்கு இடம் விட்டாக வேண்டும் என்பதால் ஓடியே தீரவேண்டிய ரன்னர்தான் ஃபோர்ஸில் இருப்பவர். அவரைத் தொடக்கூட வேண்டாம், பந்தோடு அந்த பேஸை மிதித்தால் போதும். மற்றபடி, ஓடுகிறவரை டேக் செய்து, அதாவது பந்து உள்ள கையால் தொட்டு, எடுத்த அவுட் என்றால் அதற்கு முன் ஹோமைத் தொட்டவரின் ரன் சேரும். கிரிக்கெட்டிலும் கேட்ச் ஆனால் ஓடிய ரன் போச்சு, ரன் அவுட் என்றால் முடித்த ரன் நிற்கும், இல்லையா?

1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க்கில் ஜயண்ட்ஸ், கப்ஸ் அணிகள் 1-1 என்றிருக்க, ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட்டுக்கு அப்புறம் ஜயண்ட்ஸின் பிரிட்வெல் அடித்த பந்தில் மூன்றாம் பேஸிலிருந்த மெக்கார்மிக் ஹோம் வந்து சேர்ந்தார், ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள், முதல் பேஸிலிருந்த 19 வயது ஃப்ரெட் மெர்கிள் இரண்டாம் பேஸைத் தொடாமலே திரும்பிவிட்டார். கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தோடு அந்த பேஸில் நின்று கேட்க, அம்பயர் ஹேங்க் ஓ'டே ஃபோர்ஸ் அவுட் என்றார். ரன் போனது, ஆட்டம் சமன். பிறகு நடந்த மறு ஆட்டத்தில் வென்று லீக் பட்டத்தையும் கப்ஸே எடுத்தது. மெர்கிளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் ஓ'டே பக்கம்.

பிள்ளைகள் ஆட்டத்தில் அடிக்கடி வருவது வேறொன்று. ஒரு அவுட், முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். தரையில் வந்த பந்தை எடுத்த முதல் பேஸ்மேன் தன் பேஸையே மிதித்துவிட்டு இரண்டாம் பேஸுக்கு எறிவார். அடித்தவர் அவுட்டான நொடியே ஃபோர்ஸ் போய்விட்டது, அங்கே டேக் செய்தே ஆகவேண்டும், அதற்குள் மூன்றாம் பேஸ்காரர் ஹோமைத் தொட்டுவிட்டால் ரன்தான். ஆகவே மூன்றாம் பேஸில் நிற்கும் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று சொல்லிவையுங்கள்: பின்னால் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்காமல் முழு வேகத்தில் ஓடு.

ஃபீல்டிங் அணிக்கும் ஒன்று உண்டு. 2009 ஏப்ரலில் அரிசோனா அணிக்கு எதிராக ஒரு அவுட் இருக்கும்போது டாட்ஜர்ஸ் அணியின் வுல்ஃப் அடித்த பந்தை பிட்சர் (பந்து வீசுபவர்) ஹேரன் தரையில் படாமல் கேட்ச் பிடித்து இரண்டாம் பேஸ் பக்கம் எறிய, அங்கிருந்த ரன்னர் பியர் மூன்றாவது அவுட்டாக டேக் ஆவதற்குள் மூன்றாம் பேஸிலிருந்த ஈத்தியர் ஹோம் போய்விட்டார். கேட்சுக்கு அப்புறம் ஈத்தியர் மூன்றாம் பேஸுக்குத் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. ஆனால் அரிசோனா அப்பீல் கேட்காமலே, அதாவது இந்தத் தவறை அம்பயரிடம் முறையிடாமலே, மைதானத்தை விட்டு வெளியேறியதால் ரன் நின்றது. மூன்று அவுட் ஆன பிறகும் பந்தை மூன்றாம் பேஸுக்குக் கொண்டுபோய் அப்பீல் கேட்டிருந்தால், அந்த நான்காவது அவுட்டையே மூன்றாவதாக எடுத்துக்கொண்டு அம்பயர் ரன்னை அழித்திருப்பார்.