புள்ளிக்குப் பயந்தால் படம் கலங்கும்

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் என்னிடம் காட்டும் இரவுப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கோளாறு, கலங்கல். சிங்கப்பூர்த் தேக்காவின் தீபாவளி ஒளியூட்டாக இருக்கட்டும், சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தமாக இருக்கட்டும், முகம் இரண்டாகத் தெரியும். படத்தின் விவரத்தைத் திறந்தால் ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பெருக்கும் அளவு) 400, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/15 நொடி என்று இருக்கும். ஏன் 400 என்று கேட்டால், "அதுக்கு மேல ஏத்துனா நாய்ஸ் வரும்னு சொன்னாங்கண்ணே" என்பார்கள். நாய்ஸ் என்றால் படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள். சொன்னவர் எந்தக் காலத்துக் கேமராவை வைத்துச் சொன்னாரோ!

ஐஎஸ்ஓவை ஏற்றுவதால் கேமராவுக்குள் கூடுதல் வெளிச்சம் வந்துவிடாது. படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் ஏற்கெனவே விழுந்த வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 100, 200, 400, 800 என ஒவ்வொரு படிக்கும் பிரகாசம் இரட்டிப்பாகும். பெருக்கும்போது புள்ளிகளும் கூடவே துலங்கும். ஆனால் அவை வருவதற்கு முதல் காரணம் வெளிச்சக் குறைவு. அதனால் 400இல் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் தூக்கிக்கொள்ளலாம் என்று நினைப்பதில் லாபமில்லை. பல கேமராக்களில் 3200இல் சரியாக எடுத்த படமே அதைவிடச் சுத்தமாக இருக்கும். ஜேபெக் கோப்பாக இருந்தால் தூக்கும்போது நிறமும் கெடும்.

நான் முதலில் பார்ப்பது ஷட்டரை. ஆள் சும்மா நிற்கிறாரா, நடக்கிறாரா, ஆடுகிறாரா? நிற்பவருக்கு 1/100, நடப்பவருக்கு 1/200, ஆடுபவருக்கு 1/500 என்று தொடங்கலாம். அடுத்து லென்ஸை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறக்கிறேன் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்). மீதிக் கடனை ஐஎஸ்ஓ அடைக்கட்டும். மேலே சொன்ன 400, 1/15 படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டரை 1/125க்குக் கொண்டுபோக மூன்று படி வெளிச்சம் போகும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓ 3200 வேண்டும். புள்ளி தெரியும்தான். அதை மென்பொருளில் குறைத்துவிடலாம். கலங்கிய முகத்தை மீட்பது அத்தனை எளிதல்ல.

நம்மூர் நண்பகல் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/400 போதும். மேகம் கவிந்தால் 200, மழை இருட்டினால் 400 அல்லது 800. இதில் குழப்பம் ஒன்றுமில்லை. அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் ஏமாறுவீர்கள். ஆட்கள் நிழலில் இருப்பார்கள், பின்னால் புல்வெளி வெயிலில் பளபளக்கும். கேமரா அந்தப் பளபளப்பை நம்பி முகங்களைக் கறுப்பாக்கிவிடும். முகத்தில் விழும் வெளிச்சத்தை அளந்து ஐஎஸ்ஓவை 400க்கோ 800க்கோ ஏற்றுங்கள். பின்னணி வெளுத்தால் வெளுக்கட்டும்.

மண்டபங்களில் இன்னொரு தொல்லை இருக்கிறது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, 1/500 போன்ற வேகத்தில் படத்தில் பட்டை பட்டையாக விழும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இன்னும் மோசம். தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் முகத்தில் பட்டை விழுந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? ஷட்டரை 1/100க்கு இறக்கினால் பெரும்பாலும் பட்டை மறையும், ஐஎஸ்ஓவும் 1600 அளவில் நின்றுவிடும். வண்ண எல்இடி மேடை விளக்குகளில் சில இந்தக் கணக்குக்கு அடங்காதவை. முகூர்த்தத்துக்கு முன்பே நாலு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

தைப்பூசத்தன்று விடியுமுன் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு முருகன் கோயில் நோக்கிப் புறப்படும் பால்குடங்களையும் காவடிகளையும் எடுக்க 3200, 6400 என்று போகத் தயங்காதீர்கள். தெருவிளக்குக்கு அடியில் ஒரு வெளிச்சம், நாலடி தள்ளி வேறொரு வெளிச்சம். ஒவ்வொரு முறையும் கையால் மாற்றிக்கொண்டிருந்தால் காவடி போய்விடும். ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, மேல்வரம்பு 6400, குறைந்தபட்ச ஷட்டர் 1/200 என்று கட்டிவிடுங்கள். பக்தர் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடிப்பது எனக்குப் பிடிக்காது, அதைக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

மரினா பேயில் முக்காலி போட்டுக் கட்டடங்களை எடுக்கும்போது கணக்கு தலைகீழ். கட்டடம் ஓடப்போவதில்லை. ஐஎஸ்ஓ 100, ஷட்டர் பல நொடி. அங்கே ஆட்டோவை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கேமரா தானாகவே 3200க்குத் தாவும்.

இருட்டில் எடுப்பதற்காகவே புது கேமரா பாடி வாங்கக் கேமராக் கடைகள் இருக்கும் பெனின்சுலா பக்கம் கிளம்புகிறவர்கள், முதலில் ஒரு 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டிப் பாருங்கள். கேமராவோடு வந்த லென்ஸ் ஜூம் செய்ததும் 5.6க்குச் சுருங்கிவிடும். இந்த 50 எம்எம் லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 6400 கேட்ட இடத்தில் 800 போதும். குடும்பப் படத்துக்கு மட்டும் 1.8 வேண்டாம். பின்வரிசையில் நிற்கும் பாட்டி கூர்மையில்லாமல் மங்கிவிடுவார். 4 அல்லது 5.6க்கு மூடி, ஐஎஸ்ஓவை மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள்.