டச்பேட் மேலே எழும்பினால் உடனே கவனியுங்கள்

சென்ற மாதம் ஒரு கல்லூரி மாணவி சர்வீஸுக்கு லேப்டாப் கொண்டுவந்தார். "டச்பேட் கிளிக் ஆக மாட்டேங்குதுண்ணே, மாத்திக் குடுங்க" என்றார். மேசைமேல் வைத்தேன், அடிப்பக்கம் சமமாக உட்காரவில்லை. கழற்றிப் பார்த்தால் டச்பேடில் ஒரு குறையும் இல்லை. அதன் அடியிலிருந்த பேட்டரி பூரி மாதிரி உப்பி, டச்பேடை மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா யூஸ் பண்ணுவீங்க?"

"எப்பவும் சார்ஜர்லயேதான் இருக்கும். மெத்தைமேல வெச்சுப் படிப்பேன்."

இரண்டுமே பேட்டரிக்கு ஆகாத பழக்கங்கள். நூறு சதவீதம் ஆனதும் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடுமே என்று பலர் கேட்கிறார்கள். நின்றுவிடும், ஓவர்சார்ஜ் ஆகாது. ஆனால் லேப்டாப் பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் அயான் செல் முழுதாக நிரம்பியிருக்கும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். அந்த உச்சத்திலேயே நாள்கணக்கில் நின்றால் உள்ளிருக்கும் எலெக்ட்ரோலைட் என்ற வேதிக் கலவை மெல்லச் சிதையும். சூடும் சேர்ந்தால் சிதைவு வேகமாகும், அதில் உண்டாகும் வாயுதான் பேட்டரியை உப்ப வைக்கிறது. மெத்தையோ காற்றுத் துளைகளை அடைத்துச் சூட்டை உள்ளேயே நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் ஃபேன் மட்டும் ஓடும் அறை என்றால் கேட்கவே வேண்டாம்.

எப்போதும் சார்ஜரில் வைத்து வேலை செய்பவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியை ஆன் செய்துகொள்ளுங்கள். லெனோவாவில் கன்சர்வேஷன் மோட், ஆசூஸில் பேட்டரி ஹெல்த் சார்ஜிங் என்று இருக்கும். டெல், ஹெச்பி மாடல்கள் பலவற்றில் பயாஸுக்குள்ளேயே (லேப்டாப் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) இதற்கான செட்டிங் உண்டு. பயணம் போகும் நாளில் மட்டும் நூறு வரை ஏற்றிக்கொள்ளலாம், தவறில்லை.

அடியோடு தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்பது நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. இப்போதுள்ள பேட்டரிக்கு அது கெடுதல். 20 சதவீதம் வந்ததும் போட்டுவிடுங்கள்.

அப்புறம், திரை வெளிச்சம். டைப் அடிப்பது, படிப்பது போன்ற லேசான வேலைகளில் கரண்டை அதிகம் தின்பது திரைதான். அறைக்குள் பாதி வெளிச்சமே பெரும்பாலும் போதும். அதனால் சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கும். ஏறி இறங்கும் சுற்றுகள் குறைவதால் பேட்டரியின் ஆயுளும் நீளும். டார்க் மோட் போட்டால் மிச்சமாகுமா என்றால், ஓஎல்இடி திரையில் ஆகும், அதில் கறுப்பான இடங்களில் ஒளியே எரியாது. எல்சிடியில் பின்விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும் என்பதால் பெரிய பலன் இல்லை.

உங்கள் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருக்க வேண்டிய கொள்ளளவு) 45,000 என்றும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது முழுதாக ஏறும் அளவு) 27,000 என்றும் காட்டினால், மீதமிருப்பது 60 சதவீதம்தான். நான் கடையில் முதலில் பார்ப்பதும் இந்த இரண்டு எண்களைத்தான்.

டச்பேட் எழும்பினாலோ அடிமூடி பிளந்தாலோ நாள் கடத்தாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை ஆஃப் செய்து சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரியை அழுத்துவதும் ஊசியால் குத்திக் காற்றை இறக்குவதும் தீயில் போய் முடியும். வீட்டுக் குப்பையிலும் போடக்கூடாது, மின்கழிவு எடுப்பவர்களிடம்தான் சேர்க்க வேண்டும். அந்த மாணவிக்குப் புது பேட்டரி மாட்டி, 80 சதவீத வரம்பையும் நானே வைத்துக் கொடுத்தேன். மெத்தைக்குப் பதில் ஒரு பலகையை அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.