தெப்பக்குளத்தைத் தூக்குவது சுலபம், கொதிக்க வைப்பதுதான் கஷ்டம்

ஐம்பூதங்களை ஆட்டிவைக்கும் மந்திரவாதிகள் இன்றைய நகரத்தில் உலவும் நாவல்களில் ஒரு வரிசைமுறை பெரும்பாலும் மாறுவதில்லை. நீரை ஆள்பவர் ஆற்றையே தூக்கி நிறுத்துவார், நெருப்பை ஆள்பவர் சும்மா உள்ளங்கையில் ஒரு சுடரை ஏற்றிக் காட்டுவார். முன்னதைப் பெரிய வித்தையாகவும் பின்னதைச் சின்ன வித்தையாகவும் எழுதிவிடுகிறார்கள். ஒரே அளவு தண்ணீரைத் தூக்கவும் கொதிக்க வைக்கவும் எவ்வளவு ஆற்றல் என்று இயற்பியல் கணக்கு போட்டால் இது அப்படியே தலைகீழ்.

கதையை மதுரைக்குக் கொண்டுவருவோம். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சுமார் 305 மீட்டர் நீளம், 290 மீட்டர் அகலம். நடு மண்டபத்தைக் கணக்கில் விட்டுவிட்டு, ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்பதாக வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 88,000 டன். இவ்வளவையும் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் 2,400 யூனிட் மின்சாரம். வீட்டுச் சமையல் எரிவாயுவில் சொன்னால் 14.2 கிலோ சிலிண்டர் பதின்மூன்று. அதே தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க 72 லட்சம் யூனிட் வேண்டும், அதாவது நாற்பதாயிரம் சிலிண்டர். கொதி வந்ததோடு சரி, ஆவியாக்க இன்னும் ஏழெட்டு மடங்கு. ஒரு கிலோ தண்ணீரைப் பத்து மீட்டர் தூக்க 98 ஜூல் போதும்; 70 டிகிரி சூடேற்ற 2,93,000 ஜூல். தூக்குவது நீர் மந்திரவாதிக்கு டீ செலவு, சூடேற்றப் போனால் நெருப்பு மந்திரவாதி கடனாளியாகிவிடுவார்.

சரி, நெருப்பு மந்திரவாதி எதையும் சூடாக்காமல் நெருப்பை வெறுமனே தாங்கிப் பிடித்தால்? அதற்கு மந்திரமே வேண்டாம். சோழவந்தான், நத்தம், திண்டுக்கல் மாரியம்மன் கோயில் திருவிழாக்களில் பூக்குழி இறங்குகிறவர்களின் பாதத்துக்கும் கங்குக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்.

பூக்குழியில் ஜுவாலை இருக்காது. விறகு பல மணி நேரம் எரிந்து, புகையும் சுடரும் அடங்கி, கட்டைகளை உடைத்துப் பரப்பிய பிறகு மிஞ்சுவது கங்கு மட்டுமே. 600 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கேட்கப் பயமாக இருக்கிறது. ஆனால் ஒரு பொருள் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது ஒன்று, அந்தச் சூட்டை எவ்வளவு வேகமாக நம்மிடம் அள்ளிக் கொடுக்கிறது என்பது வேறொன்று. வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, தன்வெப்பம் மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த அள்ளித் தரும் வேகத்துக்கு ஓர் எண் கிடைக்கும். கரிக்கு அது சுமார் 170, தோலுக்கு 1,200, இரும்புக்கு 15,000. இரண்டு பொருள் தொடும்போது, தொடுமிடத்தின் சூடு இந்த எண் பெரிதாக இருக்கும் பக்கமாகச் சாயும். 600 டிகிரிக் கங்கின் மேல் பாதம் பட்டால் தொடுமிடம் 105 டிகிரியை ஒட்டி நிற்கும். அதே 600 டிகிரி இரும்புத் தகட்டில் வைத்தால் 560. கங்கில் நடந்தவர்கள் உண்டு. பழுக்கக் காய்ந்த தகட்டில் நடந்து காட்டச் சொன்னால் எந்த மந்திரவாதியும் நழுவிவிடுவார்.

105 டிகிரியும் சுடத்தானே செய்யும்? தோலுக்கு 60 டிகிரியே ஐந்து விநாடியில் புண்ணாக்கப் போதும். ஆனால் ஓர் அடி வைத்து எடுக்க அரை விநாடிதான் ஆகிறது. அதற்குள் சூடு தோலுக்குள் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். உள்ளங்காலின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் தடிப்பானது, வெறுங்காலோடு நடந்து பழகியவர்களுக்கு இன்னும் கூடுதல். போதாததற்குக் கங்கு கரடுமுரடானது, முழுப் பாதமும் அதில் படிவதில்லை; மேலே சாம்பல் போர்வை வேறு. இருட்டில் கவனித்தால் மிதித்த இடம் ஒரு கணம் கறுத்து, பிறகு மெல்லச் சிவப்பதைக் காணலாம். மேற்பரப்பில் இருந்த சூட்டைப் பாதம் எடுத்துக்கொண்டது, அடியிலிருந்து புதுச் சூடு மேலே வர நேரமாகிறது.

1935-இல் இங்கிலாந்தில் லண்டன் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கிய ஆய்வுக்குழு ஒன்று காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ் என்பவரை இப்படி நடக்கவைத்துச் சோதித்தது. கங்கின் மேற்பரப்பு 430 டிகிரி, உள்ளே 1,400. அவர் காலில் கொப்புளம் இல்லை. கரியின் மட்டமான கடத்துதிறனும் தொட்ட நேரத்தின் குறைவும்தான் காரணம் என்று முடிவு சொன்னார்கள். வியர்வை ஆவியாகிக் காக்கிறது என்ற விளக்கம் இன்னும் உலவுகிறது. ஈரக் காலில் கங்கு ஒட்டிக்கொள்ளும் என்பதை நினைத்தால், அதை நம்பி இறங்குவது ஆபத்து.

பூக்குழியில் சிலருக்குக் கால் ஏன் சுட்டுவிடுகிறது என்பதும் இதே கணக்கில் அடங்கும். ஓடுகிறவருக்குக் கால் கங்குக்குள் புதைகிறது, மேல்பாதத்தின் மெல்லிய தோலில் கங்கு விழுகிறது, விரலிடுக்கில் சிக்கினால் தொட்ட நேரம் அரை விநாடியிலிருந்து அரை நிமிடமாகிவிடும். நடுவில் தயங்கி நிற்பதும், பின்னால் வருகிறவர் நெருக்கித் தள்ளுவதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் அதைவிட மோசம். விழுந்தால் கையும் முகமும் உள்ளங்கால் அல்ல. சரியாக எரியாத கட்டை, விறகோடு வந்த ஆணி, காலில் கழற்றாத மெட்டி, ஈரச் சேலையிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒவ்வொன்றும் ஒரு கொப்புளம். செக்கச்செவேலென்று தெரியவேண்டும் என்று முறத்தால் விசிறிச் சாம்பலைப் பறக்கவிடுவது பார்க்க அழகு, ஆனால் விசிறுகிறவர் காப்புப் போர்வையைத்தான் உரிக்கிறார். விரதமிருந்தவர் பதறாமல், சீராக, பாதத்தைத் தட்டையாக வைத்து நடப்பார் என்றால் அதுவே பெரிய பாதுகாப்பு. மீறிச் சுட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டவேண்டும். ஐஸ், பற்பசை, மை எதுவும் கூடாது.

நாவலில் வரும் உள்ளங்கைச் சுடருக்கு நெருங்கிய சொந்தம் அக்னிச்சட்டிதான். விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலில் கை நிறைய வேப்பிலையை வைத்து அதன்மேல் ஏந்தி வருவார்கள். பூக்குழியில் அரை விநாடிப் பிரச்சினை, இங்கே அரை மணி நேரப் பிரச்சினை. அதனால் தொடும் நேரத்தை நம்பமுடியாது, தடிப்பைத்தான் நம்பவேண்டும். சட்டியின் அடியில் ஐந்து சென்டிமீட்டர் உலர்ந்த மணலோ சாம்பலோ பரப்பி மேலே கங்கு வைத்தால், கால் மணி நேரம் வரை அடிப்பக்கம் ஏறக்குறைய சூடாவதே இல்லை. அரை மணியில் கை உணரத் தொடங்கும், முக்கால் மணி தாண்டினால் சட்டியடி பிடிக்கமுடியாத சூட்டுக்குப் போய்விடும். மணல் நனைந்திருக்கக் கூடாது, ஈரம் சூட்டை வேகமாகக் கீழே இறக்கும். வேப்பிலைக்குப் பதில் ஈரத்துணி வைத்தாலும் இதே கதைதான், ஆவி வேறு கையைப் பொசுக்கும். ஊர்வலப் பாதை நீளம் என்றால் கங்கைக் குறைக்கத் தேவையில்லை, மணலைக் கூட்டினால் போதும். சூடு இறங்க ஆகும் நேரம் தடிப்பின் வர்க்கத்தோடு ஏறுவதால், ஐந்தை ஏழு சென்டிமீட்டராக்கினாலே நேரம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். கூடும் எடையைத் தாங்கக் கை தயாராக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.